இரண்டு மணி நேரப் பயிலரங்கால் வகுப்பறை மாறுமா?

கேள்வி: கற்பித்தல் மேம்பாட்டு ஒருங்கிணைப்பாளர்

வணக்கம். ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கான கற்பித்தல் பயிற்சிகளை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருக்கிறேன். கூடவே வேதியியல் பாடமும் எடுக்கிறேன். மாணவர்கள் வருகைப்பதிவுக்காக வருகிறார்களே தவிர வகுப்பில் மனம் ஒன்றி இருப்பதில்லை என்ற மனக்குறை ஏறக்குறைய எல்லாத் துறைகளிலிருந்தும் வந்துகொண்டிருப்பதால், அடுத்த பருவத்தில் தலா இரண்டு மணி நேரம் கொண்ட மூன்று பயிலரங்குகள் நடத்த அனுமதி கிடைத்திருக்கிறது. இதற்கு மேல் நேரம் கேட்க இப்போதைக்கு வழியில்லை. இந்த ஆறு மணி நேரத்தை எப்படிச் செலவிட்டால் வகுப்பறையில் உண்மையான மாற்றம் தெரியும் என்பதே என் கேள்வி.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. சென்ற ஆண்டு ஒரு முழுநாள் நிகழ்ச்சி நடத்தினோம். வெளியிலிருந்து வந்த வல்லுநர் மாணவர் ஈடுபாட்டைப் பற்றிக் காலையிலிருந்து மாலை வரை மிக நன்றாகப் பேசினார். கலந்துகொண்டவர்கள் பின்னூட்டப் படிவத்தில் மனமுவந்து உயர்ந்த மதிப்பெண் கொடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்து அவர்களில் சிலருடைய அனுமதியோடு வகுப்பின் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். ஒருவர் நாற்பது நிமிடம் தொடர்ந்து விளக்கிவிட்டு, "புரிகிறதா?" என்று கேட்டு, மூச்சு விடும் நேரம்கூடக் காத்திராமல் அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். அவர் அக்கறையில்லாதவர் அல்லர். அன்றைய நிகழ்ச்சியில் மிகுந்த ஆர்வத்தோடு குறிப்பெடுத்தவர்களில் அவரும் ஒருவர். அதுதான் என்னை வருத்தியது.

எல்லாத் துறையினரையும் ஒன்றாக உட்கார வைப்பதா, துறைவாரியாகப் பிரிப்பதா? மூன்று அமர்வுகளை அடுத்தடுத்து வைப்பதா, இடைவெளி விட்டு வைப்பதா? நடத்தி முடித்த பிறகு பயன் விளைந்ததா என்பதைப் பின்னூட்டப் படிவத்தைத் தாண்டி எப்படி அறிவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1: பயிலரங்கு நடத்துநர்

வணக்கம் அம்மா. பல ஆண்டுகளாக இத்தகைய பயிலரங்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன். நீங்கள் பின்வரிசையில் உட்கார்ந்து கண்டது உங்கள் நிறுவனத்துக்கு மட்டும் உரிய குறை அல்ல. அமெரிக்காவில் உயிரியல் ஆசிரியர்களுக்காக நடந்த பயிற்சிகளைப் பின்தொடர்ந்து 2011-இல் வெளியான ஓர் ஆய்வில், பயிற்சி பெற்றவர்களில் மிகப் பெரும்பாலோர் தம் கற்பித்தலை மாற்றிக்கொண்டதாகவே நம்பிச் சொன்னார்கள். அவர்களுடைய வகுப்புகளைக் காணொளியாகப் பதிவு செய்து பார்த்தபோது ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் பழையபடி விரிவுரையை மையமாகக் கொண்டே நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. தெரிந்துகொள்வதும் கைவரப் பெறுவதும் வேறு வேறு என்பதை நாம் நம் மாணவர்களிடம் நாள்தோறும் பார்க்கிறோம். நமக்கும் அதுவே பொருந்தும்.

ஆகவே என் முதல் வேண்டுகோள், இரண்டு மணி நேரத்தில் பல உத்திகளை அறிமுகம் செய்ய வேண்டாம். ஓர் அமர்வுக்கு ஓர் உத்தி போதும். அந்த ஒன்றைப் பங்கேற்பாளர் அந்த அறையிலேயே, தம்முடைய சொந்தப் பாடத்தை வைத்து, ஒரு முறையாவது செய்து பார்த்துவிட்டு வெளியேற வேண்டும்.

இந்த எண்ணம் புதியதன்று. 1960-களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பயிற்சிக்காக உருவான நுண்ணிலைக் கற்பித்தலின் அடிப்படையே, சில நிமிடப் பாடம் ஒன்றை நடத்தி, அதைப் பற்றிப் பிறர் சொல்வதைக் கேட்டு, திருத்தி மீண்டும் நடத்துவதுதான். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1970-களின் இறுதியில் தொடங்கிய கற்பித்தல் திறன் பயிலரங்கும் அவ்வாறே. சிறு குழுவாகக் கூடி, ஒவ்வொருவரும் பத்து நிமிடப் பாடங்களை நடத்துவார்கள். மற்றவர்கள் மதிப்பிடும் நடுவர்களாக அல்லாமல் மாணவர்களாக உட்கார்ந்து, கற்பவராகத் தமக்கு எது உதவியது, எங்கே தடம் தவறியது என்று சொல்வார்கள். அதற்கு 24 மணி நேரம் ஒதுக்குகிறார்கள். உங்களுக்கு ஆறு மணி நேரமே இருப்பதால் அதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் "செய், கேள், மீண்டும் செய்" என்ற வரிசையை எடுத்துக்கொள்ளலாம்.

முதல் அமர்வுக்கு நான் எப்போதும் தேர்ந்தெடுப்பது, கேள்வி கேட்டபின் காத்திருத்தல். எளிமையாகத் தோன்றுவதால் பலர் இதை ஒதுக்கிவிடுகிறார்கள். மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970-களில் பள்ளி வகுப்புகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்தபோது, கேள்விக்குப் பிறகு ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருந்தார்கள் என்று கண்டார். அதை மூன்று விநாடிக்கு நீட்டியபோது விடைகள் நீண்டன, தாமாக முன்வந்து பேசுவோர் கூடினர், விடையே சொல்லாதிருப்பது குறைந்தது. பல்கலைக்கழக வகுப்புகளில் கேள்விகள் கடினமானவை என்பதால் மூன்று விநாடிகூடப் போதாது. நான் பத்து விநாடி பரிந்துரைப்பேன்.

இதை மூவர் கொண்ட குழுக்களாகப் பயிலச் செய்கிறேன். ஒருவர் தம் பாடத்திலிருந்து ஒரு கேள்வி கேட்பார், ஒருவர் மாணவர், மூன்றாமவர் கையில் நிறுத்துக்கடிகாரம். முதல் சுற்றில் யாரிடமும் எதுவும் சொல்லாமல் நேரத்தை மட்டும் குறிக்கச் சொல்வேன். ஒரு முறை மிகவும் அனுபவமுள்ள கணிதப் பேராசிரியை ஒருவர், தாம் குறைந்தது ஐந்து விநாடியாவது காத்திருந்ததாக உறுதியாகச் சொன்னார். கடிகாரம் 1.4 என்று காட்டியது; அதற்குள் கேள்வியை வேறு சொற்களில் மாற்றியும் கேட்டிருந்தார். அவர் அந்தக் கடிகாரத்தை வாங்கிச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இன்னொரு முறை செய்கிறேன்" என்றார். இரண்டாம் சுற்றில் கேள்வியைக் கேட்டுவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டு, கீழே பார்த்து, உதடுகள் அசைய மனத்துக்குள் எண்ணினார். எட்டாவது விநாடியில் எதிரே இருந்தவர் பேசத் தொடங்கினார். இந்த ஒரு நிகழ்வு அங்கிருந்த மற்றவர்களுக்குக் கற்பித்ததை எந்த ஸ்லைடாலும் கற்பிக்க முடியாது.

இடைவெளி குறித்துக் கேட்டிருந்தீர்கள். அடுத்தடுத்த நாட்களில் வைக்கவே வேண்டாம். இரண்டு அல்லது மூன்று வாரம் இடைவெளி விட்டு, பருவம் நடந்துகொண்டிருக்கும்போதே வையுங்கள். அப்போதுதான் முதல் அமர்வில் பழகியதை மறுநாள் வகுப்பிலேயே செய்து பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்ற செய்தியோடு இரண்டாம் அமர்வுக்கு வருவார்கள். அந்த அமர்வின் முதல் அரை மணி நேரத்தை முழுவதும் அவர்கள் கொண்டுவரும் செய்திகளுக்கே கொடுத்துவிடுங்கள். விடுமுறையில் நடத்தும் பயிலரங்குகள் நடத்துபவருக்கு வசதியானவை. ஆனால் கற்றதைச் செய்து பார்க்க மாணவர்கள் இருக்கமாட்டார்கள்.

மறுமொழி 2: இயற்பியல் விரிவுரையாளர்

மேலே ஐயா சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். இரண்டாவது அமர்வுக்கு என் பரிந்துரை, நல்ல கருத்துக் கேள்வி ஒன்றை எழுதப் பழகுவது.

ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1990-களின் தொடக்கத்தில் வளர்த்தெடுத்த சகமாணவர் கற்பித்தல் முறை பலருக்கும் தெரிந்திருக்கும். ஆசிரியர் சுருக்கமாக விளக்கியபின் பல்தெரிவுக் கேள்வி ஒன்றைத் திரையில் காட்டுகிறார்; மாணவர்கள் யாருடனும் பேசாமல் தனித்தனியே விடையைத் தெரிவிக்கிறார்கள்; சரியான விடை ஏறத்தாழ 30 முதல் 70 விழுக்காட்டுக்குள் இருந்தால், பக்கத்தில் வேறு விடை சொன்னவரோடு பேசி அவரை இணங்கச் செய்யுமாறு பணிக்கிறார்; பிறகு மீண்டும் வாக்கெடுப்பு. கைப்பேசிச் செயலி இருந்தால் நல்லது; இல்லாவிட்டால் நான்கு வண்ண அட்டைகளே போதுமானவை.

முறை எளிது, கேள்விதான் கடினம். நான் தொடங்கிய காலத்தில் எழுதியவை எல்லாம் நினைவாற்றலைச் சோதிக்கும் கேள்விகளாகவே இருந்தன. தொண்ணூறு பேர் சரியாகச் சொன்னார்கள், விவாதிக்க ஒன்றுமில்லாமல் வகுப்பு மறுபடி அமைதியாகிவிட்டது. பிறகுதான் தவறான தெரிவுகளை மாணவர்களின் விடைத்தாள்களிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது விளங்கியது. மேல்நோக்கி எறிந்த பந்து உச்சியை எட்டிய கணத்தில் அதன் முடுக்கம் என்ன என்று கேட்டுப் பாருங்கள். திசைவேகம் சுழியாகும் இடத்தில் முடுக்கமும் சுழியாகத்தான் இருக்கும் என்று, சூத்திரங்களைப் பிழையில்லாமல் எழுதும் மாணவர்களே சொல்வார்கள். அந்தக் கேள்வியை நான் முன்வைத்த நாளில், எப்போதும் தலைகுனிந்தே இருக்கும் ஒரு மாணவி பக்கத்திலிருந்தவரிடம், "உச்சியில் முடுக்கம் சுழி என்றால் பந்து அங்கேயே நின்றுவிடாதா?" என்று கேட்டார். நான் ஒரு மணி நேரம் விளக்கியும் சென்று சேராத இடத்துக்கு அந்த ஒரு வரி சென்று சேர்ந்தது.

துறைவாரியாகப் பிரிப்பதா என்ற கேள்விக்கு இதிலேயே விடை இருக்கிறது. காத்திருத்தலைப் பழகக் கலந்து உட்காரலாம். கேள்வி எழுதும் அமர்வில் ஒரே துறையினர் இருவர் மூவராவது சேர்ந்து உட்கார வேண்டும். ஏனெனில் மாணவர்கள் வழக்கமாக எங்கே தடுமாறுவார்கள் என்பது அதே பாடத்தை நடத்துபவருக்குத்தான் தெரியும். எழுதி முடித்தபின் வேறு துறையினரிடம் கொடுத்து விடையளிக்கச் சொல்லுங்கள். அவர்களிடையே விடைகள் பிரிந்தால் கேள்வியில் உயிர் இருக்கிறது என்று பொருள்.

மறுமொழி 3: மூத்த பேராசிரியர், வரலாற்றுத் துறை

இருவர் சொன்னதும் நன்று. ஆனால் பயிலரங்குக்கு வரத் தயங்குபவர்களின் தரப்பையும் யாராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நானும் நீண்ட காலம் அந்தத் தரப்பில் இருந்தவன்.

எங்கள் தயக்கம் சோம்பலால் வருவது அன்று. ஒன்று, பாடத்திட்டம். தேர்வுக்குள் எல்லா அலகுகளையும் முடித்தாக வேண்டும். பத்து விநாடி காத்திருப்பதும் பக்கத்தவரோடு பேச விடுவதும் சேர்ந்து வகுப்பின் கால்வாசி நேரத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டு, இந்த எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஒரே சரியான விடை உள்ள பாடங்களிலிருந்தே வருகின்றன. மூன்று, மாணவர்களே இதை விரும்புவதில்லை. "நீங்கள் சொல்லித் தந்தால் எழுதிக்கொள்வோம், நாங்களே பேசிக்கொள்வதற்கு எதற்கு வகுப்பு?" என்று ஒரு மாணவர் என் முகத்துக்கு நேராகவே கேட்டார்.

இரண்டாவது தயக்கத்துக்கு நானே ஒரு வழி கண்டேன். ஒரு பஞ்சத்தைப் பற்றிய நான்கு சான்றுகளைக் காட்டுவேன்: அரசின் வரிக் கணக்கு, வழிப்போக்கர் ஒருவரின் கடிதம், தானிய வணிகரின் விலைக் குறிப்பு, இரண்டு தலைமுறைக்குப் பின் பதிவான வாய்மொழிப் பாடல். எத்தனை பேர் மாண்டார்கள் என்று மதிப்பிட இவற்றில் எதை நீங்கள் கடைசியாக நம்புவீர்கள், ஏன் என்று கேட்பேன். ஒரே சரியான விடை இல்லாததால் விவாதம் இன்னும் நன்றாகவே நடக்கிறது. வரிக் கணக்கை எழுதியவனுக்கு எண்ணிக்கையைக் குறைத்துக் காட்டவும் காரணம் உண்டு, கூட்டிக் காட்டவும் காரணம் உண்டு என்பதை மாணவர்களே கண்டுபிடிக்கிறார்கள். முதலாவதையும் மூன்றாவதையும் உங்கள் பயிலரங்கில் வெளிப்படையாகப் பேசுங்கள். பேசாமல் விட்டால், வந்தவர்கள் மரியாதைக்குத் தலையசைத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

மறுமொழி 4: இயற்பியல் விரிவுரையாளர்

ஐயாவின் மூன்றாவது தயக்கத்துக்கு ஒரு செய்தி. ஹார்வர்டில் தொடக்கநிலை இயற்பியல் மாணவர்களை வைத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வில், தாமே செய்து கற்ற வகுப்பில் இருந்தவர்கள் சோதனையில் கூடுதலாகக் கற்றிருந்தார்கள். ஆனால் குறைவாகக் கற்றதாகவே உணர்ந்தார்கள். தெளிவான விரிவுரையைக் கேட்கும்போது புரிந்துவிட்டது என்ற நிறைவு வருகிறது. தாமே முயலும்போது வரும் தடுமாற்றத்தைக் கற்காததன் அடையாளமாக மாணவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். பருவத்தின் தொடக்கத்திலேயே இதை மாணவர்களிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். ஐயாவிடம் கேட்ட அந்த மாணவரின் கேள்வி நேர்மையானது. அதற்கு நேர்மையான விடையை முதல் வாரத்திலேயே கொடுத்துவிடலாம்.

பாடத்திட்டத்தைப் பொறுத்தவரை, 2014-இல் அறிவியல், பொறியியல், கணிதப் பாடங்களில் 225 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, வெறும் விரிவுரை வகுப்புகளில் தோல்வி விகிதம் சராசரியாக 34 விழுக்காட்டுக்கு அருகிலும், மாணவர் செயலில் ஈடுபட்ட வகுப்புகளில் 22 விழுக்காட்டுக்கு அருகிலும் இருந்தது. அலகை நாம் முடிப்பதும் அது மாணவரிடம் போய்ச் சேர்வதும் ஒன்றல்ல என்பதை இந்த வேறுபாடு எனக்கு உணர்த்தியது. ஆனாலும் நேர நெருக்கடி உண்மையானது. படித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய பகுதிகளை வாசிப்புக்கு விட்டுவிட்டு, தடுமாறும் இடங்களுக்கு மட்டும் வகுப்பு நேரத்தைக் கொடுத்துத்தான் நான் சமாளிக்கிறேன்.

கேள்வி கேட்டவர்: ஒருங்கிணைப்பாளர்

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் அமர்வில் காத்திருத்தல், மூன்று வாரம் கழித்துத் துறைக் குழுக்களாகக் கேள்வி எழுதுதல் என்பது வரை முடிவு செய்துவிட்டேன். பேராசிரியர் ஐயாவின் பஞ்சச் சான்றுகள் எடுத்துக்காட்டை, அவர் அனுமதித்தால், கலைத்துறை நண்பர்களுக்காகப் பயன்படுத்த விரும்புகிறேன். மூன்றாம் அமர்வும், பயனை அறியும் வழியும்தான் இன்னும் தெளியவில்லை. நிர்வாகம் எண்ணிக்கையாக ஏதாவது கேட்கும். வகுப்புக்குள் யாராவது போய்ப் பார்த்தால் ஆசிரியர்கள் அதை ஆய்வாளர் வருகையாக எடுத்துக்கொள்வார்கள் என்ற அச்சமும் இருக்கிறது.

மறுமொழி 5: மூத்த பேராசிரியர், வரலாற்றுத் துறை

தாராளமாகப் பயன்படுத்துங்கள் அம்மா. நான்கு சான்றுகளுக்கும் நான் கொடுக்கும் ஒருபக்கத் தாளையும் அனுப்பி வைக்கிறேன்.

மறுமொழி 6: பயிலரங்கு நடத்துநர்

உங்கள் அச்சத்தையும் மூன்றாம் அமர்வையும் ஒன்றாகவே தீர்க்கலாம். மூன்றாம் அமர்வின் பொருளே ஒருவர் வகுப்பை மற்றொருவர் பார்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

2013-இல் வெளியான கோபஸ் என்ற வகுப்பறை நோக்குப் படிவம் இதற்கு ஏற்றது. அதில் நல்லது, கெட்டது என்ற தீர்ப்பு கிடையாது. இரண்டு நிமிடத்துக்கு ஒரு கட்டம். அந்த இரண்டு நிமிடத்தில் ஆசிரியர் என்ன செய்தார், மாணவர்கள் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் குறிக்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தார்கள், குழுவில் பேசினார்கள், கேள்வி கேட்டார்கள், காத்திருந்தார்கள் என்று குறியீடுகள் உண்டு. ஒன்றரை மணி நேரப் பயிற்சியில் பழகிவிடலாம். உங்கள் அமர்வுக்குள் கச்சிதமாக அடங்கும். வகுப்பு முடிந்ததும் தாளை நடத்தியவரிடமே கொடுத்துவிட வேண்டும். படி எடுக்கக் கூடாது, துறைத் தலைவருக்கும் பதவி உயர்வுக் கோப்புக்கும் போகவே கூடாது. இந்த வாக்குறுதியை எழுத்தில் கொடுங்கள். நிர்வாகத்துக்குப் பெயரில்லாத மொத்தக் கணக்கு மட்டும் போகட்டும்: முதல் அமர்வுக்கு முன் பார்த்த வகுப்புகளில் மாணவர்கள் வெறுமனே கேட்டுக்கொண்டிருந்த கட்டங்கள் எத்தனை, பருவ இறுதியில் எத்தனை. அதற்காக முதல் சுற்றுப் பார்வையைப் பயிலரங்கு தொடங்குவதற்கு முன்பே நடத்தியாக வேண்டும். பலர் இதை மறந்துவிட்டுப் பின்னால் ஒப்பிட எதுவுமில்லாமல் நிற்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்க இயற்பியல் ஆசிரியர்களிடம் நடத்திய ஒரு பெரிய கணக்கெடுப்பில், புதிய முறையை முயன்று பார்த்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர் பின்னர் கைவிட்டதாகத் தெரிந்தது. முதல் முயற்சி சொதப்பிய அன்று மாலை பேசுவதற்கு ஒரு துணை இருந்தால், அவர்களில் சிலராவது தொடர்ந்திருப்பார்கள் என்பது என் நம்பிக்கை. இணைகளாகப் பார்க்கச் செய்வதற்கு அதுவே முதல் காரணம், கணக்கு இரண்டாவதுதான்.

ஆய்வாளர் வருகை என்ற அச்சத்தைப் பேச்சால் போக்க முடியாது. நீங்களும் பாடம் எடுப்பவர் என்பதால், முதலில் உங்கள் வகுப்பைத் திறந்துவிடுங்கள். பங்கேற்பாளர்கள் நான்கைந்து பேரைப் படிவத்தோடு உங்கள் பின்வரிசையில் உட்கார வையுங்கள். வகுப்பு முடிந்ததும் அவர்கள் குறித்த தாள்களை மேசைமேல் பரப்பி, நீங்களே உரக்க வாசித்து, எந்தக் கட்டத்தை அடுத்த வாரம் மாற்றப் போகிறீர்கள் என்று அவர்களிடம் சொல்லுங்கள். அடுத்தது யாருடைய வகுப்பு என்ற கேள்வியை அதன் பிறகு கேளுங்கள். கேட்டுவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள்.